இடது பக்க மடிப்பு

டெய்லர் அக்காவிடம் குழந்தைக்குத் துணி தைக்கக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அளவு நாடாவைக் கையிலெடுக்கவே மாட்டாள். "முதல்ல புள்ளையை அந்தச் சுவர் வரைக்கும் நடக்க விடுங்க" என்பாள். நடக்கும். "திரும்பி வரச் சொல்லுங்க." வரும். "ஒத்தைக் கால்ல நிக்குமா?" வாசலில் காத்திருப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். "என்னக்கா, கவுன் தைக்கிறியா, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறியா?" என்று கேலி பண்ணுவார்கள். அவள் சிரிக்க மாட்டாள். கிறுக்கு என்று பேர் வாங்கினாலும் வாங்குவாள், நடக்கவிட்டுப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டாள்.

ஒரு காலத்தில் அவளும் சிரித்த முகக்காரிதான். புருஷன் போன பிறகு, மாடிப்படிக்குக் கீழே இருந்த இந்த அறையில் ஒரே மிஷினோடு தொழில் ஆரம்பித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் தைத்த பாவாடையின் கீழ்விளிம்பு கோடு போட்ட மாதிரி நிற்கும். மகளுக்குத் தைத்தது மட்டும், குழந்தை நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே மக்கர் பண்ணியது. இடது பக்கம் எப்போதும் தாழ்ந்து தொங்கும். முதலில் கத்தரிக்கோலைத் திட்டினாள். அப்புறம் துணிக்கடைக்காரனை. கடைசியில் குழந்தையை. "ஆடாம நேரா நில்லுடி கழுதை!" என்று இடுப்பில் ஒரு தட்டு. குழந்தை பாவம், அதற்குத் தெரிந்த மட்டில் நேராகத்தான் நின்றது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். இடது பக்கம் மட்டும் ஒரு விரற்கடை கூடுதலாக ஏற்றி மடித்துத் தைத்தாள். அடேயப்பா, பிரமாதமாக நின்றது! அன்றைக்கு அவளுக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. வருஷா வருஷம் மடிப்பு கொஞ்சம் பெரிதானது, அவள் கையும் அதற்குப் பழகிப்போனது. மகள் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். "அப்பன் நடை, அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்றார்கள் அக்கம்பக்கத்தில். அவளும் ஆமாம் போட்டாள்.

மகள் வளர்ந்து, படியேறும்போது இடுப்பு வலி தாங்காமல் அழுத பிறகுதான் எலும்பு டாக்டரிடம் போனார்கள்.

"பாவாடை ஒரு பக்கம் தொங்கியிருக்குமேம்மா, யாரும் கவனிக்கலையா?" என்றார் டாக்டர்.

மகள் முந்திக்கொண்டாள். "எங்கம்மா தைச்சா தொங்காது டாக்டர். இடது பக்கம் ஏத்தி மடிச்சுடுவாங்க. யாருக்குமே தெரியாது!" பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். இடுப்பெலும்பில் இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி ஒரு குழி. தொடையெலும்பின் உருண்டைத் தலை அதற்குள் உட்கார்ந்து சுழல வேண்டும். வலது பக்கம் பாங்காக உட்கார்ந்திருந்தது. இடது பக்கத்துத் தலை குழியை விட்டு நழுவி மேலே ஏறி நின்றது. அதனால் அந்தக் கால் குட்டையாகி, இடுப்பும் பாவாடையும் அந்தப் பக்கம் இறங்கிவிட்டனவாம். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு சாயாமல் இழுத்துப் பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைதானாம். எலும்பு இடம் மாறியதில் அதற்குப் பிடிமானம் போய்த் தொய்ந்துவிட்டதாம். "நடக்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா மாவுக்கட்டுலயே சரியாகியிருக்கும்மா. இனிமே ஆபரேஷன் பண்ணா வலி குறையும். சாய்வு முழுசாப் போகாது" என்றார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "என்னம்மா சொன்னார்?"

"பிறவியிலேயே அப்படித்தானாம். யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்."

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் மகள் ஆபரேஷனைத் தாங்கினாள், கூடப் படித்தவர்களின் கேலியைத் தாங்கினாள். "யாராலயும் முடியாதுங்கறப்போ நீ ஏம்மா அழறே?" என்று அவளே அம்மாவைத் தேற்றுவாள். அம்மாவுக்கு நெஞ்சு வெந்துபோகும். உண்மை தெரிந்தால் மகள் தன் முகத்திலேயே முழிக்க மாட்டாள் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

மகள் இப்போது அதே கடையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள்.

அன்றைக்கு ஒரு பெண், நடை பழகிய குழந்தையோடு அவசரமாக வந்தாள். "வேற இடத்துல தைச்ச கவுன்க்கா. வெட்டு கோணல், ஒரு பக்கம் தொங்குது. சரி பண்ணிக் குடுங்க."

டெய்லர் அக்கா குழந்தையை நடக்கவிட்டாள். அதே ஆட்டம். கவுனைத் தூக்கிப் பார்த்தாள். பிட்டத்துக்குக் கீழே விழும் சதை மடிப்பு ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே.

"கொஞ்சம் வெளியே வாங்களேன்."

"எதுக்குக்கா? இங்கயே சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "நல்லா இருக்கே! நடை பழகற புள்ளைங்க ஆடத்தான் செய்யும். வளர்ந்தா சரியாயிடும்." கவுனைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

டெய்லர் அக்கா மகளைப் பார்த்தாள். மகள் பட்டனில் கண்ணாக இருந்தாள். சொன்னால் போயிற்று, எல்லாம் போயிற்று. குழந்தை தாயின் தோளுக்கு மேலாக இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டியது.

"நில்லுங்க!" தெருவுக்கே கேட்டிருக்கும். "இந்த வயசுல போனா மாவுக்கட்டுலயே சரியாயிடும். விட்டுட்டா ஆகாது. நான் விட்டேன். புள்ளையைப் பாக்காம பாவாடையைச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். அதோ உக்காந்திருக்கா பாருங்க என் பொண்ணு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டு போனாள்.

மகள் கையிலிருந்த பட்டனைக் கீழே வைத்தாள்.

"கட்டு போட்டிருந்தா போதுமாம்மா எனக்கு?"

"போதும்டி."

மகள் நூல் பிரிக்கும் ஊசியை எடுத்தாள். தன் பாவாடையின் இடது விளிம்பை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மா போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அம்மா தடுக்கவில்லை, தடுக்க என்ன வாய் இருக்கிறது? மடிப்பு முழுக்க அவிழ்ந்ததும் மகள் எழுந்தாள்.

"பூட்டிட்டு வா" என்றாள்.

கடைத்தெரு நடுவே, இடது பக்கம் தாழ்ந்து தொங்கிய பாவாடையோடு, அவள் முன்னால் நடந்து போனாள்.