சித்தி பெருக்கித் துடைத்த கணினி

சித்திக்குத் தூசு ஆகாது. இருபது வருடமாக எம்பிராய்டரி கடை நடத்துகிறாள். தரையில் ஒரு நூல் துணுக்கு பார்க்க முடியாது. மாலையானால் மேசை, ஊசிப்பெட்டி, இயந்திரத்தின் அடிவயிறு வரை துடைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள். நேற்று கணினியையும் துடைத்திருக்கிறாள்.

இன்று காலை டிசைன் மென்பொருள் திறக்கவில்லை. 'தேவையான கோப்பு ஒன்றைக் காணவில்லை' என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. நான்கு மணிக்குக் கால்பந்து கோச் வருவார். மாதிரி பேட்ஜ் பிடித்திருந்தால் முப்பது சட்டைக்கு ஆர்டர். போன வாரமே வந்து வெறுங்கையோடு போனவர். இன்றும் இல்லையென்றால் வேறு கடைக்குப் போய்விடுவார். பேட்ஜின் படமோ அந்த மென்பொருளுக்குள்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கடைக்குப் போனது என் தலையெழுத்து.

“என்னத்த அழிச்ச சித்தி?”

“பேரே வாயில நுழையாத ஃபைலா கெடந்துச்சு. நான் வெச்சதில்ல. தூக்கிட்டேன்.”

“குப்பைத்தொட்டியில இருக்கும்ல?”

“அதயும் காலி பண்ணிட்டேன். குப்பைய எவளாவது சேத்து வெப்பாளா?”

இணையத்தில் அதே பெயரில் ஒரு கோப்பைத் தேடி இறக்கிப் போட்டேன். பெட்டி மறுபடி வந்தது, வேறு பெயரோடு. அதையும் போட்டால் மூன்றாவது பெயர். மணி ஒன்று.

“உலகத்தயே சுத்திட்டு வந்தவளுக்கு ஒரு ஃபைல் கெடைக்கலயா?”

“ஒண்ணொண்ணா ஒட்டுப் போட்டா ஆகாது. மொத்தமா திரும்ப ஏத்தணும். வாங்கும்போது குடுத்த டிஸ்க் எங்க?”

“என்னிக்கோ வீசியிருப்பேன்.”

விற்றவர்களுக்குப் போன் செய்தேன்; அந்த எண்ணே இப்போது இல்லையாம். இழுப்பறைகளைக் கவிழ்த்தேன். நான் கவிழ்க்கக் கவிழ்க்க, சித்தி பின்னாலேயே அடுக்கிக்கொண்டு வந்தாள்.

“கலைக்காதடி!”

“கலைக்காம எப்படித் தேடுறது?” கத்தியேவிட்டேன்.

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசைக்குப் போனாள். பேட்ஜ் துணியை விரித்து, அதன்மேல் பளபளவென்று ஒரு தட்டை வைத்து, சுற்றிலும் சாக்பீஸை ஓட்டினாள். தட்டின் நடுவில் ஓட்டை. மேலே அந்த மென்பொருளின் பெயர்.

“அது என்ன சித்தி?”

“வட்டத் தட்டு. அளவு கச்சிதமா இருக்கும்.”

பிடுங்கி, பொடியைத் துடைத்து, கணினிக்குள் தள்ளினேன். இரண்டு முறை நின்று, முக்கி முனகி ஏறியது. மென்பொருள் திறந்தது. மணி இரண்டரை.

“சரி, தட்ட வெளிய எடு. வட்டம் பாதியில நிக்குது.”

நான்கு மணிக்கு கோச், இயந்திரம் தைத்து முடித்திருந்த பேட்ஜை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “முப்பதும் போட்டுடுங்கம்மா.”

அவர் படியிறங்கியதும் சித்தி துடைக்கும் துணியை எடுத்தாள். நான் கணினிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.