முன்வரிசைக்குப் பார்த்து எடுத்த பற்கள்

எண்பதுகளின் கடைசியில், காரிமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு டி.வி. நிலையத்து வண்டி ஒன்று வந்தது. சென்னையில் ஒரு பெரிய அதிகாரி உட்கார்ந்திருப்பார், நாங்கள் எங்கள் ஊரிலிருந்தபடியே அவரிடம் கேட்கலாம், அவர் அங்கிருந்து பதில் சொல்வதை அந்த நிமிடமே எல்லோரும் வீட்டு டி.வி.யில் பார்ப்பார்கள் என்றார்கள். வண்டியின் மேலிருந்த பெரிய தட்டை வானத்தைப் பார்த்துத் திருப்பினார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஜமக்காளம் விரித்தார்கள். எங்கள் ஊருக்கு ஐந்து நிமிடம்.

கேட்பதற்கு எங்களுக்கு ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் காவி ஏறிப்போகும். எனக்கும் அப்படித்தான். அதனால் பேசும்போது ஆண்கள் துண்டு நுனியாலும் பெண்கள் முந்தானையாலும் வாயை மறைத்துக்கொள்வது ஊர் வழக்கம். பல்லாவது பரவாயில்லை. என் மகளுக்கு ஆறு வயதிலேயே முழங்கால்கள் உள்பக்கமாக வளைய ஆரம்பித்திருந்தன. தண்ணீரை மாற்றினால் மேலும் வளையாமல் இருக்கலாம் என்று தர்மபுரி டாக்டர் சொல்லியிருந்தார். வேறு தண்ணீருக்கு எங்கே போவது? அந்த அதிகாரி மனது வைத்தால் வெளியிலிருந்து குழாய் வந்துவிடும் என்று நம்பினோம்.

நிகழ்ச்சிக்காரர் ஒவ்வொருவரிடமும் "கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்ததைப் பார்த்து முன்னாலோ பின்னாலோ உட்காரச் சொன்னார். கடைசியில் முன்வரிசை முழுக்க வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களாகவே இருந்தார்கள்.

"பொறந்தவனெல்லாம் பின்னால. வந்தவங்கதான் இப்ப ஊருங்க," என்றார் என் பக்கத்தில் இருந்த பங்காளி, துண்டுக்குள்ளிருந்தே. "நாம சிரிச்சா அவிங்க கேமரா ரிப்பேராப் பூடும்னு பயப்படறாங்களாட்டம் இருக்குது."

சிரித்தோம். பின்வரிசை எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் மனைவி மொரப்பூர்ப் பக்கம் பிறந்தவள். அவளை நடுவில் உட்கார வைத்து மைக்கைக் கொடுத்தார்கள். மகள் அவள் மடியில் இருந்தாள். ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டால் பிற்பாடு பெண் கேட்டு யார் வருவார்கள் என்று பயந்து, பாதம் மறைய ஒரு பாவாடையைச் சந்தையில் வாங்கி வந்து உடுத்திவிட்டது நான்தான்.

எங்களுக்கு எதிரே வைத்திருந்த சின்ன டி.வி. பெட்டியில் அதிகாரி தெரிந்தார். எல்லோரும் கும்பிட்டோம்.

"ஐயா, எங்கூரு தண்ணி குடிச்சா பல்லு காவியாப் பூடுதுங்க. எம்புள்ளைக்குக் காலு வளையுதுங்க. நல்ல தண்ணிக்கு வழி பண்ணுங்கய்யா," என்று நடுங்காமல் சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்தார். "நீங்களும் அந்தத் தண்ணிதானேம்மா குடிக்கிறீங்க?"

"ஆமாங்க."

"உங்க பல்லு நல்லாத்தானே இருக்கு? பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் நல்லா இருக்கே. உங்களை எல்லாம் இங்கிருந்தே பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். பாப்பாவும் நல்லா இருக்கா. பால், கீரை கொடுங்க, சரியாப் போயிடும்."

"இல்லீங்க, நாங்க வாக்கப்பட்டு வந்தவங்க. இங்கியே பொறந்தவங்கெல்லாம் பின்னால..."

அப்போது நான் எழுந்து நின்று துண்டை எடுத்திருந்தால் போதும். மகளே, எழுந்து நட என்று சொல்லியிருந்தால் போதும். கேமராவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பங்காளி என் முழங்கையை இடித்தார்; நானும் அவரை இடித்தேன்.

நேரம் முடிந்தது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். பெட்டியில் அதிகாரி வேறொரு ஊர்க்காரர்களுக்கு வணக்கம் சொன்னார். என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் ஓடினாள். அவளை நிற்க வைத்து, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"ஐயா, இங்க பாருங்கய்யா. ஐயா!"

அவர் அந்த ஊர்க்காரர் யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் வந்து மெதுவாகச் சொன்னார்: "இனிமே நம்ம படம் அங்க போகாதும்மா."

"அவரு தெரியறாருங்களே!"

"நமக்கு அவர் தெரியறார்மா. அவருக்கு நாம தெரிய மாட்டோம்."

அவள் நகரவில்லை. "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர்கள் பெட்டியை அணைத்த பிறகுதான் மகளைத் தூக்கினாள். நான் அதுவரை ஜமக்காளத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.