தோணியில் சுருங்கிய சொற்கள்

காலை ஐந்தரைக்குச் சாத்தான்குளத்தில் கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ் ஏறினேன். தூத்துக்குடி முப்பத்தைந்து மைல். கட்டணம் ஒரு ரூபாய் இரண்டணா. நான் விஞ்ஞான வாத்தியார். கலைச்சொற்களைத் தமிழில் சுருக்க முடியாது, இங்கிலீஷ் எழுத்துத்தான் கதி என்று பாடநூல் குழுவில் ஒருவர் அடித்துப் பேசிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெப்பநிலைக்கு ‘வெநி’, கொதிநிலைக்கு ‘கொநி’ என்று இருநூறு சொற்களைச் சுருக்கி எழுதினேன். திங்கட்கிழமை குழு முடிவு சொல்லும். என் பட்டியல் தோற்றால் அடுத்த வருஷப் புத்தகம் இங்கிலீஷ் எழுத்தோடுதான் வரும். துறைமுகத் தோணிக்காரர்கள் நீண்ட தொழில்வார்த்தைகளை ஒரே மூச்சில் சுருக்குவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இந்தப் பயணம்.

பத்து மணிக்குக் கடற்கரை. கப்பல்கள் இங்கே கரைக்கு வருவதில்லை. ஐந்தாறு மைல் தள்ளி நிற்கும். பாய்மரத் தோணிகள்தாம் சரக்கைக் கொண்டுவர வேண்டும். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். அந்தோணித் தண்டல், அரிசி மூட்டை எடுக்கப் போகும் தம் தோணியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெரும்பாயைப் பாதி இறக்கு என்பது அவர்கள் வாயில் ‘பெம்பாதி’. பின்னால் உள்ள சின்னப்பாய் என்றால் ‘சிம்பாதி’. எந்தப் பாய், எவ்வளவு என்ற இரண்டும் நின்றுவிட்டன. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. முதலெழுத்தை மட்டும் பொறுக்கிய என் புத்தி எங்கே, இது எங்கே! இப்படிப் பதினொரு சுருக்கங்களை எழுதிக்கொண்டேன்.

ஒரே ஒருவரிடம் மட்டும் தண்டல் முழு வாக்கியமாகவே பேசினார். அவர் முத்தையா, உப்பளத்தை விட்டு அன்றுதான் தோணிக்கு வந்த வேம்பார்க்காரர். காரணம் கேட்டேன்.

“புது ஆளுல்லா, வாத்தியாரய்யா. கை பழகட்டும். பொறவு வார்த்தை தானாச் சுருங்கிரும்.”

எனக்கு இது வீண் தாமதமாகப் பட்டது. கப்பலடியில் எங்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் முத்தையாவுக்குப் பதினொன்றையும் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை அவருக்கு.

மூன்றரை மணிக்கு மூட்டைப் பாரத்தோடு திரும்பினோம். முத்தையாவைச் சுருக்கமாக ஏவிப் பாருங்கள் என்று தண்டலை நச்சரித்தேன். வாத்தியார் கேட்கிறாரே என்று அவரும் தலையாட்டினார். சற்று நேரத்தில் காற்று வலுத்தது. பாய் புடைத்துத் தோணி ஒரு பக்கம் சாய்ந்தது.

“முத்தையா, பெம்பாதி” என்றார் தண்டல்.

முத்தையா நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்து, “பெரும்பாயைப் பாதி இறக்கு” என்று அழகாக ஒப்பித்தார். இறக்க வேண்டிய கயிறு அவருக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தது.

தண்ணீர் உள்ளே வந்தது. தண்டல் பாய்ந்து கயிற்றை அவிழ்த்தார். ஓடிய கயிறு அவர் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று. பாய் இறங்கியது, பிழைத்தோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டே தண்டல் சொன்னார்:

“அவன் மேல தப்பில்ல. நீங்க கேக்குற கேள்வின்னு நெனச்சுப் பதில் சொல்லிட்டான்.”

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ‘வெநி’ என்றால் என்ன என்று கேட்டால் நாற்பது பேரும் தட்டாமல் சொல்வார்கள். பள்ளியில் வெப்பமானி ஒன்றே ஒன்று இருக்கிறது. உடைந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

குழுவுக்கு ஒரு கார்டு போட்டேன்: ஒரு வருஷம் பொறுங்கள், பிள்ளைகள் வாயில் என்ன சுருக்கம் வருகிறதென்று கேட்டு எழுதுகிறேன். அவர்கள் பொறுக்கவில்லை, இங்கிலீஷ் எழுத்தே ஜெயித்தது. அந்தத் திங்கட்கிழமை பீரோவைத் திறந்து வெப்பமானியை முதல் பெஞ்சில் கொடுத்தேன். மத்தியானம் உடைந்துபோயிற்று. அதற்குள் நாற்பது கையும் அதைத் தொட்டுவிட்டது.