கீழ்வீட்டை மேலே ஏற்றிய கதை

வீட்டு வசதி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் டிராயிங்கைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பழவேற்காடு ஏரிக்கரையில் அரசு கட்டிக்கொடுத்த மாடி வீடுகளுக்கு நான் எஸ்டேட் ஆபீசர். ஒரு மழைக்காலத்துக்கு முன்பு, பேரிடர்த் திட்டம் எழுதி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஏரித் தண்ணீர் ஏறினால் தரைத்தளத்துக் குடும்பங்கள் எங்கே போவது என்பதுதான் கேள்வி.

எனக்கு உடனே விடை கிடைத்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் நேர் மேல்வீட்டுக்குப் போக வேண்டும். பேப்பரில் பார்க்க அத்தனை அழகு. எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ. கூட "சூப்பர் மேடம்" என்றார். அவர் லேசில் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டிரில் நடந்த லட்சணம்

டிரில் அன்று விசில் ஊதினேன். ஒருத்தரும் நகரவில்லை. ஏ பிளாக் தரைத்தளத்தில் இருந்த ரோசியிடம் போனேன். இறால் ஷெட்டில் வேலை பார்ப்பவள். அவளுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தண்ணீர் வந்தால் முதலில் தூக்க வேண்டிய ஆள் அவர்தான்.

"அவ ஊட்டுக்கா? செத்தாலும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் மேடம்."

அவள் சொன்ன "அவ", நேர் மேல்வீட்டுக் கஸ்தூரி. மீன் விற்பவள். சாயங்காலம் வந்து பால்கனியில் கூடையைக் கழுவுவாள். பால்கனியில் தண்ணீர் இறங்க ஓட்டை விட்டவர்கள் அதற்குக் குழாய் மாட்டவில்லை. தண்ணீர் நேராக ரோசி காயப்போட்ட துணியில் இறங்கும். ரோசி கத்துவாள். "நான் இன்னா என் தலை மேலயா வச்சி கழுவறது?" என்று மேலிருந்து பதில் வரும்.

விசாரித்தால் எல்லா பிளாக்கிலும் இதே பஞ்சாயத்து. கீழ்வீட்டுக்காரருக்கு உலகத்திலேயே ஆகாத ஆள் நேர் மேல்வீட்டுக்காரர்தான். நான் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தது அத்தனையும் எலியையும் பூனையையும்!

எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டேன். அதில் ஒருவர் எழுந்தார். "மேடம், ஏரியில யாரு எங்க வலை போடணும்னு நாங்க பாடு போட்டுக்கிறோம்ல, சீட்டு குலுக்கி? அத்த மாதிரி இதுக்கும் குலுக்கிடுங்க. எந்த ஊடு வந்தாலும் யாரும் வாய தொறக்க மாட்டோம்."

குலுக்கினோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. ரோசிக்கு சி பிளாக்கில் ஒரு வீடு விழுந்தது. சிரித்த முகமாகப் போனாள். திட்டத்தைத் திருத்தி அனுப்பிவிட்டு நானும் நிம்மதியாக இருந்தேன்.

மழை வந்தது

டிசம்பரில் மழை விடாமல் அடித்தது; கடல் மணல் ஏறி, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரமும் அடைத்துக்கொண்டது. ஏரித் தண்ணீர் வடிய வழியில்லாமல் குடியிருப்புக்குள் வந்தது. மற்றவர்கள் சீட்டில் விழுந்த வீடுகளுக்கு ஏறிவிட்டார்கள். நான் ஏ பிளாக் மாடிப்படியில் குடையோடு நின்றேன். ரோசியின் புருஷன் படகைக் கட்டப் போனவன் திரும்பவில்லை. ஏ பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் நடுவில் பள்ளம். அங்கே இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படுத்த படுக்கையாக இருந்த ரோசியின் அப்பாவை அதில் தூக்கிக்கொண்டு போவது எப்படி? அவருடைய கட்டில் கால் நனைய ஆரம்பித்தது.

மேலே இருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி மரம் மாதிரி நின்னுகினு கீற? நைனாவ மேல தூக்கினு வா!"

"எனக்கு சி பிளாக்குதான் சீட்டு உழுந்துகீது," என்றாள் ரோசி. அந்த நேரத்திலும்!

"சீட்டாவது ஒண்ணாவது! சீட்டு வந்து தூக்குமா உங்க நைனாவ?"

கஸ்தூரியின் புருஷனும் இரண்டு மகன்களும் பிளாஸ்டிக் நாற்காலியோடு இறங்கி வந்தார்கள். நான் நைனாவுக்குக் குடை பிடித்தேன். காற்றில் குடை மடங்கிவிட்டது, அவர் சிரித்தார். மேலே கஸ்தூரி தன் கட்டிலைக் காலி செய்து கொடுத்தாள். இருட்டுவதற்குள் ரோசியின் புருஷனும் வந்து சேர்ந்தான்.

தண்ணீர் வடியும்வரை இரண்டு பெண்களும் ஒரே சமையலறையில் இருந்தார்கள், நேராகப் பேசிக்கொள்ளாமல். "நைனா, கஞ்சி ஆறுதுன்னு உன் பொண்ணுகிட்ட சொல்லு." "நைனா, உப்பு பத்தலன்னு அந்தம்மாகிட்ட சொல்லு." பேச்சு வராத அந்த மனிதர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

குழாய்

அந்தக் குழாய்க்கான புகார் எங்கள் ஆபீசில் பல தடவை பயணம் போய் வந்திருந்தது. ரோசி என்னிடம் கொடுப்பாள். நான் ஏ.இ.க்கு அனுப்புவேன். அவர் எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்புவார். ஒரு குழாய்க்கு டெண்டர் விட முடியாது என்று அது திரும்பி வரும். மழை விட்டதும் எல்லா பிளாக் குழாய்களையும் ஒரே வேலையாகச் சேர்த்து அனுப்பினோம். இந்தத் தடவை சாங்ஷன் ஆனது.

பிள்ளைகளே, புயலுக்குத் திட்டம் எழுதுவதற்கு முன்னால் பாக்கியிருக்கும் சின்னப் புகார்களை முடியுங்கள். அக்கம்பக்கத்தாரிடையே சண்டையை வளர்த்துவிடுவது பாதி நேரம் நம் ஆபீஸ்தான். ஆபத்தில் கைகொடுக்கப்போவதும் அதே அக்கம்பக்கம்தான்.

குழாய் மாட்டிய பிறகு ஒருநாள் ரோசி ஆபீசுக்கு வந்தாள். மறுபடியும் புகாரா என்று கேட்டேன்.

"ஆமா மேடம். கொழா மாட்டினதுலேர்ந்து சத்தமே இல்ல, மேல அவ கீறாளா இல்லியான்னே தெரியல. தெனம் ஏறிப்போயி பாத்துட்டு வர்றதுல முட்டி நோவுது."