மலைக்கு வாசித்தவர்

சக்குபள்ளத்தில் எங்கள் சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசித்தவருக்கு உதட்டு நடுவில் வட்டமாக ஒரு தழும்பு இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும், ஏலத்தோட்டத்து மேட்டில் தனியாக நின்று ஜாஸ் வாசிப்பார். சுரம் ஏறிக்கொண்டே போய் உச்சியில் நிற்கும்போது கேட்கிற எனக்கு மூச்சு முட்டும். பிறகு வாத்தியத்தை இறக்கிவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

“ஏன் அண்ணாச்சி, எப்பவும் இம்புட்டு உச்சத்துக்குப் போறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கீழ வாசிச்சா ஏலச்செடிக்குள்ளயே அமுங்கிரும். மேல போனாத்தான் எதிர்மலை திருப்பிச் சொல்லும்.”

“மலை எதுக்கு? நான்தான் வாராவாரம் கேக்கேனே!”

“கேக்கீங்க தம்பி. ஒரு வார்த்தை சொன்னதில்லையே.”

போன மழைக்காலத்தில் அவர் தோட்டத்தை விட்டே போய்விட்டார். நேற்று அந்த மேட்டில் நின்று, “ரொம்ப நல்லாருந்துச்சு அண்ணாச்சி” என்றேன். என் குரல் ஏலச்செடிகளைத் தாண்டவில்லை.