நெருப்புப்பெட்டி கேட்டு வந்த ஆண்டவர்

நான் செத்தால் இரண்டு நாளுக்குள் யாருக்காவது தெரிய வேண்டும். சென்ற வருடத் தவக்காலம் முழுவதும் நான் சொன்ன செபம் இது ஒன்றுதான். சுகம் கேட்கவில்லை. ஆயுசு கேட்கவில்லை. கிடந்து நாறாமல் இருந்தால் போதும் என்று கேட்டேன். தமிழ்நாட்டு அகதி முகாமில் எங்கள் வரிசையில் தனியாக இருந்த ஒரு மனிதரின் கதவை மூன்றாம் நாள்தான் உடைத்தார்கள். அன்றைக்கு அங்கே நின்றவள் நான். அந்தப் பயம் எனக்குள் ஏறிவிட்டது.

என் பெயர் செல்வமேரி. வயது ஐம்பத்தாறு. இந்தத் தீவில் பிறந்தவள்தான், ஆனால் கலியாணமான புதிதில் சண்டைக்குப் பயந்து வள்ளம் ஏறி அக்கரைத் தமிழ்நாட்டுக்குப் போய், அங்கேயே பிள்ளைகளைப் பெற்று, அங்கேயே புருஷனையும் அடக்கம் செய்தேன். மகன்மார் இருவரும் அங்கே பெண் எடுத்துவிட்டார்கள். "நீங்க எதுக்கும்மா தனியா போறீங்க?" என்று கேட்டார்கள். பிறந்த மண்ணில் சாகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, சாகும்வரை இருக்கவும் வேண்டும் என்று.

எனக்குக் கிடைத்த வீடு கோயில் வளவுக்குப் பின்வேலியோடு. பேசாலைப் பக்கம் கருவாட்டு வாடியில் வேலை. மீனை வெட்டி, உப்பிட்டு, காயப்போட்டுவிட்டு வந்தால் மாலையில் என் வீட்டு வேலிவாசல் படலைக்கு வருவது கழுதைகள் மட்டும்தான். ஊர்ச்சனம் கெட்டதுகள் இல்லை. ஆனால் நான் "வாங்க" என்றால் சிரிப்பார்கள். "இந்தியாக்காரி" என்பார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. சிரித்தவர்களிடம் மறுபடி வாய் திறக்க மாட்டேன்.

நான் வந்த முதல் வருடம் பெரிய சனி இரவுப் பாஸ்காத் திருவிழிப்புக்குப் போனேன். எங்கள் கோயிலில் அதை மாலை ஏழு மணிக்கே தொடங்குவார்கள். விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, முற்றத்தில் பனை மட்டை அடுக்கிப் புதுத்தீ மூட்டி, சுவாமியார் அதை மந்திரிப்பார். அதில் பாஸ்காத் திரியைக் கொளுத்தி உள்ளே கொண்டு வருவார்கள். அதிலிருந்து ஒருவர் மெழுகுதிரியை மற்றவர் பற்றவைக்க, பக்கத்தில் இருப்பவர் கையிலிருந்து பக்கத்தில் இருப்பவர் கைக்கு வாங்குப் பலகை ஒவ்வொன்றாக வெளிச்சம் வரும்.

நான் கடைசித் தூணடியில் தனியாக இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வாங்கு வெறுமையாய்க் கிடந்தது. வெளிச்சம் அந்த வெறும் வாங்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. யாராவது திரும்புவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. கோயில் முழுக்கச் சுடர், என் கையில் மட்டும் கரிபிடிக்காத வெள்ளைத் திரி. எழுந்து போய்க் கேட்க வெட்கம். பாஸ்காப் புகழுரை பாடத் தொடங்கிவிட்டார்கள். பையில் அடுப்புக்கு வாங்கிய நெருப்புப்பெட்டி கிடந்தது. எடுத்து உரசினேன்.

அந்த அமைதியில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மந்திரித்த புதுத்தீ எரிய, ஒருத்தி மருந்து மணக்க மணக்க நெருப்புக்குச்சி கிழிக்கிறாள். அந்த வெறும் வாங்குக்கு அடுத்த வாங்கிலிருந்த றெஜினா திரும்பினார். மாதர் சங்கத்தில் முன்னுக்கு நிற்பவர், குரலும் அப்படித்தான்.

"கோயிலுக்கை கிழிச்ச நெருப்பிலயோ கொளுத்துறது? அறிவில்லையோ?"

ஊதி அணைத்துவிட்டேன். மீதிப் பூசை முழுக்க அணைந்த திரியோடு இருந்தேன். அடுத்த ஞாயிறு அறிவித்தலில் சுவாமியார் சிரித்துக்கொண்டு, "வாற வருசம் ஒருத்தரும் நெருப்புப்பெட்டி கொண்டு வராதேங்கோ" என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். சனம் சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு ஊரில் வேறு பெயர் இல்லை, நெருப்புப்பெட்டிக்காரிதான்.

நான் கோயிலை விட்டேன். கடவுளை விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு இந்தப் பக்கம் கதிரையைப் போட்டு, ஒலிபெருக்கியில் பூசை கண்டேன். எல்லா மறுமொழியும் சொல்லுவேன். "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்னும்போதுதான் திரும்பிச் சொல்ல ஆள் இருக்காது. ஒருநாள் படலையடியில் ஒரு கழுதை நின்று என்னையே பார்த்தது. அதற்குத் தலையசைத்துச் சமாதானம் சொன்னேன். பிறகு உள்ளே போய் அழுதேன். இப்படி ஒரு வருடம்.

சென்ற வருடம் பெரிய வியாழனுக்கு முதல் நாள் வாடியில் திருக்கை முள் ஒன்று வலது காலில் ஏறியது. எனக்கு நீரிழிவு இருக்கிறது. புண்ணை அசட்டை செய்யக்கூடாது என்று தெரியும். தெரிந்தும் மஞ்சளைப் பூசிவிட்டு இருந்தேன். வியாழன் மாலை காய்ச்சல் தொடங்கியது. பெரிய வெள்ளி கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது. சனி காலையில் தண்ணீர் எடுக்க எழும்பி, குசினி வாசலில் விழுந்தேன். அதற்குப் பிறகு எழும்ப முடியவில்லை. தொலைபேசி அறைக்குள் கட்டிலில் கிடந்தது. காலையில் ஒருதரம் மகன் எடுத்தான் போல, அடித்தது. பிறகு அதுவும் செத்துவிட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாட்சி என்றால் உண்மை சொல்ல வேண்டும்தானே. அன்று காலையில் எனக்குக் குரல் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சனம் வளவு கூட்டுகிற சத்தம், மட்டை அடுக்குகிற சத்தம், றெஜினா யாரையோ ஏசுகிற சத்தம் எல்லாம் கேட்டது. "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். நான் போடவில்லை. இவர்களைக் கூப்பிடுவதா என்று இருந்தேன். சாகக் கிடந்தபோதும் என் ரோசம் எழும்பி நின்றது.

மத்தியானம் கடந்ததும் ரோசம் போய்ப் பயம் வந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. காற்றுத்தான் வந்தது. கூட்டியவர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போது என் செபம் மாறியது. "ஆண்டவரே, செத்த பிறகு வேண்டாம். இப்பவே. இந்தப் படலையை ஒருதரம் யாராவது தட்டட்டும். கழுதை இல்லை, மனுஷர்" என்று கேட்டேன். அவரோடும் நான் கொஞ்சம் கோபமாகத்தான் பேசினேன்.

பொழுது பட்டது. சனம் வந்து கூடுவது கேட்டது. விளக்குகளை அணைத்தார்கள், என் யன்னலில் விழும் வெளிச்சமும் போயிற்று. புதுத்தீ மூட்டும் சத்தத்துக்காகக் கிடந்தேன். மட்டை பற்றினால் படபடவென்று வெடிக்கும். வெடிக்கவில்லை. ஏதோ சலசலப்பு. பிறகு ஒரு சிரிப்பு.

அங்கே நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். அந்த வருடம் சோளகக் காற்று முந்திவிட்டது. கோயில் மூப்பரிடம் இருந்த ஒரே லைற்றர் காற்றில் நாலைந்து தரம் மினுங்கிவிட்டுப் படுத்துவிட்டது. நெருப்புப்பெட்டி கேட்டால் ஒருவரிடமும் இல்லை. சுவாமியாரின் பகிடியைச் சனம் கட்டளையாக எடுத்து, ஒருவரும் கொண்டு வரவில்லை. வேறு நாளில் வேலியோரம் நின்று புகைக்கிற ஆம்பிளைகள்கூட அன்றைக்குப் பார்த்துப் பரிசுத்தவான்களாக வந்திருந்தார்கள். இருட்டில் முந்நூறு பேரும் கையில் திரியோடு நிற்க, யாரோ ஒரு பெடியன் சொன்னானாம், "நெருப்புப்பெட்டிக்காரியின்ரை வீடு பின்னாலைதானே" என்று. அதுதான் அந்தச் சிரிப்பு.

சிரிக்காத ஒருவர் றெஜினா. "நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்று வந்தார்.

படலை தட்டும் சத்தம் கேட்டது.

"இஞ்சை, வீட்டிலை ஆரும் இருக்கிறியளோ? நெருப்புப்பெட்டி ஒண்டு தாங்கோ."

எனக்கு வாய் வரவில்லை. கையெட்டும் தூரத்தில் ஒரு செம்பு இருந்தது. அதைத் தட்டி உருட்டினேன். கைத்தொலைபேசி வெளிச்சத்தோடு உள்ளே வந்த றெஜினா என் காலைப் பார்த்தார். வெள்ளைச் சேலையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்ரை மாதாவே. எப்பவிருந்து இப்பிடிக் கிடக்கிறியள்?"

நான் சொன்ன பதிலை இப்போதும் சொல்லிச் சிரிப்பார். தண்ணீர் கேட்கவில்லை, காப்பாற்று என்று சொல்லவில்லை. காய்ச்சல் மூளையில், "தீப்பெட்டி அடுப்புக்கு மேல இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றேனாம். சனம் காத்திருக்கிறதே என்ற நினைப்பு.

றெஜினா வேலியால் சத்தம் போட்டார். நாலு பேர் பாய்ந்து வந்தார்கள். என்னைப் பாயோடு தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். நெருப்புப்பெட்டியும் போய்ச் சேர்ந்தது. ஓட்டோ ஒழுங்கைத் தெருவால் திரும்பும்போது முற்றத்தில் நெருப்பு எழும்புவதைக் கண்டேன். என் அடுப்பு நெருப்புப்பெட்டியால் மூட்டிய புதுத்தீ. றெஜினா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு வந்தார். சின்ன வயதிலிருந்து ஒரு பாஸ்காவும் தவறவிடாதவர் அன்றைக்கு எனக்காகத் தவறவிட்டார்.

ஒருநாள் பிந்தியிருந்தால் காலோடு போயிருக்காது, உயிரே போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். இரண்டு கால்விரல் எடுத்தார்கள். உயிர்த்த ஞாயிறு விடிய நான் கண் முழித்தபோது, கட்டிலடியில் கதிரையில் றெஜினா கசங்கிய வெள்ளைச் சேலையோடு நித்திரை. நான் பார்ப்பதை உணர்ந்தோ என்னவோ முழித்தார். கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்.

"அக்கா, அண்டைக்கு நான் திரும்பி ஏசினனான். ஏசாமல் என்ரை திரியை நீட்டியிருக்கலாம். கை நீட்டுற தூரம்தான்."

"நானும் எழும்பி வந்து கேட்டிருக்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான் எங்கள் சமாதானம். பின்னேரம் சுவாமியார் நன்மை கொண்டு வந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு நற்கருணை வாங்கினேன்.

எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். நான் இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன். மகன்மார் ஞாயிறு தோறும் எடுக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் ஒரு நிமிடம் முகம் காட்டிவிட்டு ஓடுகிறார்கள். மாலையானால் வீடு பெரிதாகிவிடுகிறது. ஒரு தேத்தண்ணி ஊற்றினால் ஒரு தேத்தண்ணிதான். சில நாள் இன்னும் அழுகிறேன். ஆண்டவர் தனிமையை எடுத்துப்போடவில்லை. அதற்கு ஒரு படலை வைத்தார்.

இந்த வருடம் பெரிய சனி காலையில் மூப்பர் என் வீட்டுக்கு வந்தார். "செல்வமேரியக்கா, இண்டைக்கு உங்கடை நெருப்புப்பெட்டிதான். மறந்துபோடாதேங்கோ" என்றார். லைற்றர் இருக்கிறதாம், நல்ல புது லைற்றர். ஆனாலும் என்னுடையதுதான் வேண்டுமாம். நொண்டிக்கொண்டு போய் முற்றத்தில் நின்று கொடுத்தேன். உள்ளே றெஜினா என்னைத் தூணடிக்குப் போக விடவில்லை. தன் பக்கத்தில் இருத்தி, தன் திரியை என் திரியில் பிடித்தார். பற்றக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பற்றும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

இதை வாசிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. என்னைப்போல் ரோசத்தோடு வீட்டுக்குள் கிடக்கிறீர்களா? கேளுங்கள். அவரிடமும் கேளுங்கள், வேலிக்கு அந்தப் பக்கமும் கேளுங்கள். உங்கள் கோயிலில் கடைசித் தூணடியில் யாராவது தனியாக இருக்கிறார்களா? போய் ஏதாவது இரவல் கேளுங்கள், ஒரு நெருப்புப்பெட்டியாவது. நான் பிணத்துக்கு ஆள் கேட்டேன். அவர் உயிருக்கு ஆள் அனுப்பினார். அவருக்கே தோத்திரம்.

இப்போது ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு, கடற்கரைக்கு மீன் வாங்கப் போகிற வழியில் றெஜினா என் படலையைத் தட்டுவார். உள்ளே வர நேரமிருக்காது. வெளியே நின்றே கேட்பார்.

"அக்கா, இருக்கிறியளோ?"

முகாமில் பழகிய "ஆமா" இப்போது என் வாயில் வருவதில்லை. பிறந்த ஊரின் சொல்லில்தான் பதில் சொல்கிறேன்.

"ஓம், இருக்கிறன்."