வான்கோழிக்குத் தனிக் கத்தி

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். மாட்டிறைச்சி வெட்டிய அப்பாவைச் சனம் என்ன நினைக்குமோ என்ற பயம். இன்று ஸ்காபரோவில் ஒரு சான்ட்விச் கடைக்குள் நுழைந்ததும், கடுகும் புகையும் கலந்த வாசம் என்னைச் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்புக்குப் பக்கத்தில் அப்பா வேலை செய்த, இப்போது இல்லாமல் போன கடைக்குக் கொண்டுபோனது. அங்கே அப்பா ஆவி பறக்கும் மாட்டிறைச்சியை மெல்லிசாக வெட்டிக்கொண்டே இருக்க, பள்ளி விட்டு வந்த எனக்கு வாயூறும்.

"ஒரு துண்டு தாங்கோவன், அப்பா."

"உது எங்களுக்கு இல்லையடா. முருகன் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"அப்ப அவருக்கும் பசிக்குமெல்லே?"

கடைக்காரக் கிழவர் யூதர். தன் சமய விதிப்படி இறைச்சியோடு சீஸ் சேர்க்காத மனிதர். அப்பாவின் கட்டுப்பாட்டை ஏன் என்று கேட்டதில்லை. மாடு படாமல் வான்கோழிக்கென்று ஒரு பலகையும் கத்தியும் புறம்பாக வைத்து, தானே வெட்டி, கறுத்த பாண் துண்டுகளுக்குள் அடுக்கி எனக்குத் தருவார். அந்த ருசியைத்தான் இன்றும் கடை கடையாகத் தேடுகிறேன். இன்றைய கடையிலும் சான்ட்விச் போடும் பிள்ளையிடம் கேட்டேன்.

"பிள்ளை, வான்கோழிக்குக் கத்தியை மாத்துவீங்களோ?"

"கிளவ்ஸ் மாத்திறன் அங்கிள். நைஃப் ஒண்டுதான், சாரி."

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இதை மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள் அப்படியே சொல்லுங்கள். கிழவர் உருவில் முருகன் வந்தான் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவர் யூதராகவே இருக்கட்டும்.